ஃபுஷிமி இனாரி: நெல்லில் தொடங்கிய மலைக்கோயில்

ஜப்பானின் கியோட்டோ நகரின் தென்கிழக்கே உள்ள ஃபுஷிமி இனாரி கோயிலின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. செந்நிற மர வாயில்கள் நெருக்கி நெருக்கி நிற்க, அவற்றின் ஊடே ஒரு பாதை வளைந்து மலையேறும். போகிறவர்களில் பலர் அந்த வாயில்களுக்கு நடுவே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கோயிலின் ஆயிரத்து முந்நூறு ஆண்டு வரலாற்றில் அந்த வாயில்கள் மிகவும் பிந்தி வந்தவை. கோயிலின் வேர் நெல். நரிச் சிலைகள், வணிகர்களின் நேர்த்திக்கடன், சிவப்பு வாயில்கள், பொரித்த டோஃபு (சோயாப் பாலாடை) எல்லாமே அந்த நெல்லைச் சுற்றி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. எது முதலில் வந்தது, எது பிறகு ஒட்டிக்கொண்டது என்ற வரிசை பிடிபட்டால், மலையில் காணும் எதுவும் புதிராக இருக்காது.

முதலில் சில அடிப்படைகள். ஜப்பானின் மரபுச் சமயமான ஷின்டோவுக்கு நிறுவனர் என்று ஒருவர் இல்லை. இதுதான் வேதம் என்று ஒரு நூலும் இல்லை. மலையிலும் மரத்திலும் பாறையிலும் நீரிலும் தெய்வம் உறைகிறது என்ற நம்பிக்கையும், அதைத் தூய்மையோடும் படையலோடும் அணுக வேண்டும் என்ற முறையும்தான் அதன் சாரம். கருவறை உண்டு; ஆனால் வழிபட வருகிறவர் கண்டு வணங்க மூலவர் சிலை இருக்காது. இரண்டு தூண்களும் மேலே குறுக்குச் சட்டங்களும் கொண்ட வாயிலுக்குத் தோரி என்று பெயர். அதற்குக் கதவு கிடையாது. வெளியுலகம் இங்கே முடிகிறது, தெய்வத்தின் நிலம் இங்கே தொடங்குகிறது என்று காட்டும் எல்லை அது.

இனாரி என்பது தெய்வத்தின் பெயர். ஜப்பான் முழுக்கச் சுமார் 30,000 இனாரி கோயில்கள் இருப்பதாகச் சொல்வது வழக்கம். வீட்டுக் கொல்லையிலும் ஆலை வளாகத்திலும் கடை மொட்டைமாடியிலும் இருக்கும் சின்னஞ்சிறு சன்னதிகள் இந்தக் கணக்கில் வராது. எல்லாவற்றுக்கும் தலைமை ஃபுஷிமி. இங்கே ஒரே தெய்வம் அல்ல, ஐவர் சேர்ந்து குடியிருக்கிறார்கள்: உகாநோமிதாமா, சதாஹிகோ, ஓமியாநோமே, தனாகா, ஷி. இவர்களில் முதன்மையான உகாநோமிதாமா தானியத்தின் தெய்வம். ஐவரையும் சேர்த்து இனாரி ஓகாமி என்பார்கள். பேச்சு வழக்கில் அன்போடு ஓ-இனாரி-சான். மக்கள் மனத்தில் இந்தத் தெய்வம் சில இடங்களில் நெற்கதிர் சுமந்த கிழவர், சில இடங்களில் இளம்பெண். இரண்டும் சரியே, ஒன்றைப் பொய்யென்று யாரும் சொல்வதில்லை.

அம்பு பட்ட அரிசிப் பணியாரம்

தலபுராணம் மிகச் சிறியது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய அரசவை ஒவ்வொரு மாகாணத்தின் ஊர்க்கதைகளையும் தொகுக்கச் சொன்னது. அப்படி உருவான, கியோட்டோ அடங்கிய யமாஷிரோ பகுதித் தொகுப்பின் எஞ்சிய துணுக்கு ஒன்றில் இந்தக் கதை இருக்கிறது. ஹதா குலத்தைச் சேர்ந்த இரோகு என்பவர் நெல்லைக் குவித்துவைத்த பெருஞ்செல்வர். செல்வச் செருக்கில், மோச்சி எனப்படும் அரிசிப் பணியாரத்தை இலக்காக வைத்து அம்பெய்தார். அந்த மோச்சி வெண்பறவையாகி மலையுச்சிக்குப் பறந்தது. அது இறங்கிய இடத்தில் நெல் விளைந்தது. அங்கே கோயில் எழுந்தது. நெல் விளைந்ததையே சொல்லும் இனாரி என்ற பெயரும் அமைந்தது.

கதையின் இரண்டாம் பாதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதுதான் நம்பிக்கைகளுக்கு முக்கியம். இரோகுவின் வழிவந்தவர்கள் முன்னோர் செய்த தவறுக்கு வருந்தி, கோயில் மரத்தை வேரோடு பெயர்த்துத் தங்கள் வீட்டில் நட்டு வழிபட்டார்கள். நட்ட மரம் துளிர்த்தால் அருள் கிடைத்தது; பட்டுப்போனால் கிடைக்கவில்லை. ஹெயியான் காலத்தில் (794–1185) கியோட்டோ மக்கள் இதையே வழக்கமாக்கிக்கொண்டார்கள். இனாரி மலைக்குப் போனவர்கள் சுகி எனப்படும் ஊசியிலை மரத்தின் சிறு கிளையை ஒடித்து வந்து வீட்டில் நடுவார்கள். அது பிழைக்கிறதா என்று பார்ப்பார்கள். இன்றும் பிப்ரவரி மாதத்தின் முதல் குதிரை நாளில் நடக்கும் ஹாட்சு-உமா விழாவில், 'ஷிருஷி நோ சுகி' எனப்படும் சுகிக் கிளை கோயிலில் கிடைக்கும். அதை வாங்கிப் போகிறவர்கள் நடுவதில்லை. வீட்டின் வழிபாட்டு மாடத்தில் வைத்துக்கொள்கிறார்கள். ஏன் குதிரை நாள்? நாட்களைப் பன்னிரண்டு விலங்குகளின் சுழற்சியில் எண்ணும் பழைய கணக்குப்படி, தெய்வம் மலையில் இறங்கியது 711ஆம் ஆண்டு இரண்டாம் மாதத்தின் முதல் குதிரை நாள் என்பது மரபு. அந்தத் தேதி ஆண்டுதோறும் மாறும். பயணம் திட்டமிடுகிறவர்கள் போன வருடத்துத் தேதியை நம்பிப் போனால் விழாவைத் தவறவிடுவார்கள்.

ஹதா குலத்தவர் கொரியத் தீபகற்பத்தின் வழியாக வந்து குடியேறியவர்கள் என்பது பொதுவான கருத்து. கியோட்டோ பள்ளத்தாக்கில் நீர்ப்பாசனமும் பட்டு நெசவும் தழைக்கக் காரணமானவர்கள். நகரின் மேற்கே அரிசி மதுவுக்குரிய தெய்வமாகப் போற்றப்படும் மாட்சுவோ கோயிலை 701இல் எழுப்பியதும் இவர்களே. வயல், நீர், மது, பட்டு என்று ஒரு குலத்தின் தொழில்கள் அனைத்தும் அவர்கள் தெய்வத்தின் பொறுப்பில் வந்தன. பிற்காலத்தில் வணிகர்கள் இனாரியிடம் வந்து சேர்ந்ததற்கான விதை இங்கேயே இருக்கிறது. அரிசியால் வரி கட்டி, அரிசியால் சம்பளம் வாங்கிய நாட்டில் நெல்லின் தெய்வம் செல்வத்தின் தெய்வமாகவும் ஆனதில் வியப்பில்லை.

மரத்தை வெட்டினார்கள், அரசர் படுத்தார்

வெறும் குலதெய்வமாக இருந்த இனாரியை அரசவை திரும்பிப் பார்க்க வைத்தது ஒரு நோய். 823இல் கியோட்டோவின் தோஜி மடாலயம் கூகாய் என்ற பௌத்தத் துறவியிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே அடுக்குக் கோபுரம் கட்ட இனாரி மலையின் மரங்கள் வெட்டப்பட்டன. 827இல் ஜுன்னா பேரரசர் நோயில் விழுந்தார். குறி பார்த்தவர்கள், மலைத்தெய்வத்தின் மரத்தை வெட்டியதால் வந்த சினம் இது என்றார்கள். பரிகாரமாகத் தெய்வத்துக்கு ஐந்தாம் படிநிலைப் பட்டம் ஒன்று வழங்கப்பட்டது. அதிகாரிகளுக்குப் பதவி நிலை கொடுப்பதைப்போல் தெய்வங்களுக்கும் கொடுப்பது அன்றைய அரசவை முறை. அங்கிருந்து படிப்படியாக ஏறி, 942இல் எல்லாவற்றிலும் உயர்ந்த ஷோ-இச்சி-இ பட்டம் இனாரிக்குக் கிடைத்தது. ஜப்பானில் எந்த ஊர் இனாரி கோயிலுக்குப் போனாலும் வாசலில் சிவப்புக் கொடிகளில் 'ஷோ-இச்சி-இ இனாரி' என்று எழுதியிருப்பதைக் காணலாம். அந்த எழுத்தின் பொருள் இதுதான்.

தோஜியோடு வந்த பகை உறவாக மாறியதையும் மக்கள் கதையாக வைத்திருக்கிறார்கள். நெற்கதிர் சுமந்து, கையில் சுகி இலை பிடித்த ஒரு கிழவர், இரண்டு பெண்களோடும் இரண்டு சிறுவர்களோடும் தோஜியின் தெற்கு வாயிலுக்கு வந்தாராம். கூகாய் அவரை இனாரி என்று உணர்ந்து விருந்தளித்தாராம். கதை இன்னமும் நடைமுறையில் இருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் ஐந்து தெய்வங்களும் பல்லக்குகளில் மலையடிவாரத்திலிருந்து புறப்பட்டு, தோஜிக்கு அருகிலுள்ள தங்குமண்டபத்தில் இருக்கின்றன. மே 3 அன்று கோயிலுக்குத் திரும்பும் வழியில் தோஜித் துறவிகள் வாயிலில் நின்று படையல் வைக்கிறார்கள். ஷின்டோவையும் பௌத்தத்தையும் அரசாணையால் பிரித்த 1868ஆம் ஆண்டுக்குப் பிறகும் இந்த உறவு அறுந்துபோகவில்லை. அந்தப் பிரிப்பில் இனாரி வளாகத்துக்குள்ளேயே இருந்த ஐசென்ஜி என்ற பௌத்தக் கோயில் ஒழிக்கப்பட்டது. இதை நினைத்தால், மே 3 படையலின் அருமை கூடுதலாக விளங்கும்.

இன்று அடிவாரத்தில் நிற்கும் கட்டடங்கள் 711ஐச் சேர்ந்தவை அல்ல. ஓனின் போர் என்ற உள்நாட்டுப் போரின்போது, 1468இல், மலை போர்க்களமாகி எல்லாம் எரிந்தது. இப்போதுள்ள பிரதான மண்டபம் 1499இல் எழுந்தது. அதன் முன்னே நிற்கும் இரண்டடுக்கு ரோமோன் வாயிலைத் அன்று நாட்டை ஆண்ட படைத்தலைவர் தொயோதோமி ஹிதேயோஷி 1589இல் கட்டினார். தாயின் நோய் தீர்ந்தால் 10,000 கோகு (பழைய தானிய அளவை) நெல் காணிக்கை தருவதாக அவர் நேர்ந்துகொண்டார் என்பது வழிவழியாக வந்த செய்தி. 1973இல் வாயிலைப் பழுதுபார்த்தபோது அந்த ஆண்டைக் குறிக்கும் எழுத்து கிடைத்து, கட்டிய காலம் உறுதியானது. மலையுச்சியில் எரிந்த சன்னதிகள் மட்டும் திரும்பக் கட்டப்படவே இல்லை. அந்த வெற்றிடத்தை யார், எதைக்கொண்டு நிரப்பினார்கள் என்பது பின்னால் வரும்.

நரி யார்?

முதல் தடவை போகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, நரியைத் தெய்வம் என்று எண்ணுவது. இனாரி நரி அல்ல. நரி இனாரியின் ஏவலர், தூதர். அதுவும் காட்டில் திரியும் செந்நரி அல்ல, கண்ணுக்குப் புலப்படாத வெள்ளை நரி. தெய்வம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதன் தூதரும் தெரியாது என்கிறது கோயில் மரபு.

தெய்வத்துக்கு நரி ஏவலரான கதை 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்ததாகச் சொல்லப்படுகிறது. கியோட்டோவின் வடக்கே ஃபுனாஓகா மலையில் ஒரு வயதான நரித் தம்பதி இருந்தது. ஆண் நரியின் மயிர் வெள்ளி ஊசிகளை நட்டுவைத்ததுபோல் வெளுத்திருந்ததாம். பெண் நரிக்கு மான் தலையும் நரி உடலுமாம். விலங்காகப் பிறந்தாலும் உலகுக்கு உதவ வேண்டும் என்ற ஆசையோடு, ஐந்து குட்டிகளையும் அழைத்துக்கொண்டு இனாரி மலைக்கு வந்து வேண்டின. பலிபீடம் அதிர்ந்து தெய்வவாக்கு எழுந்தது. ஆணுக்கு ஓசுசுகி என்றும் பெண்ணுக்கு அகோமாச்சி என்றும் பெயர் சூட்டி, ஒன்றை மேல் சன்னதிக்கும் மற்றதைக் கீழ்ச் சன்னதிக்கும் காவல் வைத்தது இனாரி.

கதைக்கு அடியில் உழவரின் அனுபவம் கிடக்கிறது. நரி வயல் எலிகளைத் தின்னும். விதைக்கும் காலத்தில் மலையிலிருந்து வயலோரம் இறங்கும். அறுப்பு முடிந்ததும் மலையேறும். ஜப்பானிய உழவர்களின் வயல்தெய்வமும் அப்படியே வசந்தத்தில் இறங்கி இலையுதிர்காலத்தில் மலைக்குத் திரும்பும். இரண்டும் ஒரே பாதையில் ஒரே பருவத்தில் வந்துபோனதால் ஒன்று மற்றதன் அடையாளமானது என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. நரியின் வாலும் நிறமும் முற்றிய கதிரை நினைவூட்டுவதும் சேர்ந்துகொண்டது.

இன்னொரு ஓடை இந்தியாவிலிருந்து வந்தது. சிலப்பதிகாரத்தில் 'இடுபிணம் தின்னும் இடாகினிப் பேய்' வருகிறதே, அந்த இடாகினிதான். சீனம் வழியாகத் தாந்திரிக பௌத்தத்தோடு ஜப்பான் போய்ச் சேர்ந்தவள், அங்கே தாகினி-தென் என்ற பெயரில் வெள்ளை நரிமேல் அமர்ந்த அழகிய தேவியாக மாறினாள். நரி என்ற ஒற்றுமையால் இனாரியோடு கலந்துபோனாள். ஐச்சி மாநிலத்தின் தொயோகாவா இனாரி உண்மையில் ஒரு ஸென் பௌத்த மடாலயம். அங்கே வணங்கப்படுவது இந்தத் தாகினி-தென். ஃபுஷிமி ஷின்டோ கோயில். பெயரில் இனாரி என்று இருந்தாலே ஷின்டோ என்று முடிவுகட்டக் கூடாது.

நரிச் சிலைகளின் வாயைக் கவனியுங்கள். சாவி, உருண்டையான மணிக்கல், சுருள் ஏடு, நெற்கதிர் ஆகிய நான்கில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். கதிர் விளைச்சல்; சாவி நெற்களஞ்சியத்துக்கு உரியது; மணிக்கல் தெய்வத்தின் ஆற்றல்; சுருள் ஞானம். கழுத்தில் கட்டியிருக்கும் சிவப்புத் துணி பக்தர்களின் காணிக்கை. ஒரே மாதிரியான இரண்டு நரிகளைப் பார்ப்பது அரிது என்பதால் இதற்கென்றே நேரம் ஒதுக்கலாம்.

சிவப்பு வாயில்கள்

தோரியைக் காணிக்கையாக நிறுத்தும் வழக்கம் எடோ காலத்தில் (1603–1868) பரவியது. வேண்டுதல் தடையின்றிக் கடந்துபோக வேண்டும் என்றோ, கடந்து போய்விட்டது என்ற நன்றிக்கோ ஒருவர் ஒரு வாயிலை நிறுத்துகிறார். மலை முழுவதும் இப்போது சுமார் 10,000 இருக்கின்றன. இவற்றில் மிக நெருக்கமான, இரண்டு தடங்களாகப் பிரிந்து செல்லும் பகுதிக்குத்தான் சென்போன் தோரி என்று பெயர். காணிக்கைத் தொகை வாயிலின் அளவைப் பொறுத்தது. சில லட்சம் யென்னில் தொடங்கி, பெரிய வாயிலுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும்.

பெரும்பாலான வாயில்கள் மரத்தாலானவை. மேலே வளைந்த உச்சிச் சட்டம், அதற்குக் கீழே தூண்களை ஊடுருவும் குறுக்குச் சட்டம், தூணின் தலையில் வளையம், அடியில் கறுப்புப் பூச்சு. செந்நிறம் தீயதை விரட்டும், வளத்தைக் கூட்டும் என்பது நம்பிக்கை. பழங்காலத்தில் அந்தச் சாயத்தில் இருந்த பாதரசம் மரம் உளுக்காமல் காத்தது என்பது நடைமுறைக் காரணம். ஆனாலும் மலை ஈரம் விடாது. கெடுவது எப்போதும் மண்ணைத் தொடும் அடிப்பகுதிதான். மண்ணுக்கும் காற்றுக்கும் நடுவே நனைந்தும் காய்ந்தும் மாறிமாறி இருக்கும் இடத்தில் பூஞ்சை பிடித்து மரம் குழையும். வாயில் சாயத் தொடங்கும். அப்போது அதை அகற்றிவிட்டுப் புதியதை நிறுத்துவார்கள். ஆகவே நீங்கள் நடக்கும் வாயில் வரிசை பழங்காலச் சின்னம் இல்லை. மரபு பழையது, மரம் புதியது.

எது எப்போது நிறுத்தப்பட்டது என்பதை நீங்களே படித்துவிடலாம். காணிக்கையாளரின் பெயரும் நாளும் தூண்களின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போது கண்ணில் படும். ஆண்டு, பேரரசரின் ஆட்சிக் கணக்கில் இருக்கும். ரெய்வா ஆண்டோடு 2018ஐயும், ஹெய்செய் ஆண்டோடு 1988ஐயும், ஷோவா ஆண்டோடு 1925ஐயும் கூட்டினால் நமக்குத் தெரிந்த ஆண்டு வரும். ரெய்வா 5 என்றால் 2023. நிறுவனங்களின் பெயர்களே அதிகம் இருக்கும். தனிக் குடும்பங்களும் உண்டு.

மக்கள் கட்டிய கோயில்

என்னைக் கேட்டால், இந்த மலையின் உண்மையான செல்வம் ஓட்சுகா எனப்படும் கற்கள். போரில் எரிந்த உச்சிச் சன்னதிகளின் இடங்களை மக்கள் மறக்கவில்லை. மெய்ஜி காலத்தில் (1868–1912) அந்தப் புனித இடங்களில் அடையாளக் கற்கள் நிறுவப்பட்டன. அவற்றைச் சுற்றிப் பக்தர்கள் தாங்களாகவே கல் நடத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கல்லிலும் அந்தக் குடும்பமோ தொழிற்குழுவோ இனாரிக்குத் தாங்கள் சூட்டிய தனிப்பெயர் செதுக்கியிருக்கும். பொதுத் தெய்வத்தைத் தன் வீட்டுத் தெய்வமாக்கிக்கொள்ளும் வழி இது. மலையில் இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. எந்தக் குருவும் வகுக்காத, அரசு விரும்பியிராத வளர்ச்சி. கல்லின் முன் சிறு தோரிகளும் மெழுகுவர்த்தியும் பொரித்த டோஃபுவும் வைத்திருப்பதைக் காணலாம். இவை கல்லறைகள் அல்ல. தோற்றத்தைப் பார்த்துப் பலர் அப்படி எண்ணிவிடுகிறார்கள். கற்களின்மேல் உட்காருவதும் ஏறி நின்று படம் எடுப்பதும் அங்கே வழிபடுகிறவரைப் புண்படுத்தும்.

இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது, தெய்வத்தைப் பிரித்துக் கொண்டுபோகும் முறை. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் சுடர் குறையாது. அப்படியே இனாரியின் ஒரு கூற்றை அழைத்துப் போய் வேறொரு ஊரில் குடிவைக்கலாம். நாடெங்கும் இனாரி பரவியது இப்படித்தான். கடைக்காரரும் ஆலைக்காரரும் தம் மாடியிலேயே இனாரியை வைத்துக்கொள்ள முடிந்ததும் இதனால்தான். 1946இல் ஃபுஷிமி இனாரி தைஷா என்ற பெயரில் தனிச் சமய நிறுவனமாகப் பதிவானபோது, ஷின்டோ கோயில்களின் பொதுக் கூட்டமைப்பில் சேராமல் நின்றது. இத்தனை கிளைகளும் இத்தனை பக்தர்களும் உள்ள தலைமைக் கோயில் தனித்து நிற்க முடிந்ததில் வியப்பில்லை.

மலையேறும் வழியில் உள்ள நம்பிக்கைகள்

இனாரி மலையின் உயரம் 233 மீட்டர்தான். முழுச் சுற்று ஏறத்தாழ 4 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம். மலையைச் சுற்றுவதே வழிபாடு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அரசவைப் பெண் செய் ஷோனாகோன் இதைப் பதிவு செய்திருக்கிறார். குதிரை நாளன்று விடியலில் புறப்பட்டு, பாதி மலையிலேயே வெயிலில் களைத்துக் கண்ணீர் விட்டபோது, நாற்பது கடந்த ஒரு பெண் ஆடையைச் செருகிக்கொண்டு, 'நான் ஏழு சுற்று நேர்ந்திருக்கிறேன். மூன்று முடிந்தது, இன்னும் நான்கு பெரிய காரியமில்லை' என்று சொல்லிக்கொண்டே கடந்துபோனாராம்.

சென்போன் தோரியைக் கடந்ததும் வருவது ஓகுஷா என்ற வழிபாட்டு இடம். அங்கே இரண்டு கல்விளக்குகளின் உச்சியில் உருண்டைக் கற்கள் இருக்கும். அவையே ஓமோகாரு கற்கள். முதலில் விளக்கின் முன் நின்று வேண்டிக்கொள்ள வேண்டும். கல் எவ்வளவு கனக்கும் என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட வேண்டும். பிறகு தூக்க வேண்டும். நினைத்ததைவிட லேசாக இருந்தால் வேண்டுதல் பலிக்கும். கனத்தால் இன்னும் உழைக்க வேண்டும். தூக்கிப் பார்த்துவிட்டு வேண்டுவதில் பொருளில்லை, ஏனென்றால் குறி கல்லின் எடையில் இல்லை; எண்ணத்துக்கும் எடைக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. இங்கேயே நரிமுக வடிவில் வேண்டுதல் பலகையும் கிடைக்கும். முகம் வெறுமையாக இருக்கும்; கண்ணும் வாயும் வரைவது பக்தரின் வேலை.

இன்னும் ஏறினால் குமதாகா சன்னதியை ஒட்டி ஒரு குளம் வரும். காணாமல் போனவரைத் தேடுகிறவர்கள் கரையில் நின்று கைதட்டுவார்கள். எதிரொலி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில் துப்பு கிடைக்கும் என்பது நம்பிக்கை. யோட்சுட்சுஜி சந்திப்பில் நகரம் விரிந்து தெரியும். பலர் இங்கேயே திரும்பிவிடுவார்கள். உச்சிச் சுற்று இங்கிருந்துதான் தொடங்குகிறது. இடப்பக்கம் போனால் கண் நோய்க்கும் தொழிலில் தொலைநோக்குக்கும் வேண்டும் கன்ரிகி சன்னதி, நோய் தீர வேண்டும் யாகுரிகி சன்னதி, இருமலுக்கும் தொண்டைக்கும் வேண்டும் ஓசெகி சன்னதி என்று வரிசையாக வரும். அடுத்துள்ள மிட்சுருகி சன்னதி வாள் கொல்லர்களுக்கு உரியது. பேரரசருக்கு வாள் செய்யச் சான்ஜோ முனேசிகா திணறியபோது இனாரியின் நரி வந்து சம்மட்டி பிடித்ததாக ஒரு பெயர்பெற்ற கதை உண்டு. அது நடந்த இடம் இதுதான் என்பது தல மரபு. அதற்கப்பால் இச்சிநோமினே, உச்சி. பெரிய காட்சி எதுவும் கிடையாது, கற்கள்தான். காட்சிக்காக ஏறினால் ஏமாற்றமாக இருக்கும். கற்களைப் பார்க்க ஏறினால் இருக்காது.

வணங்கும் முறை

தோரியில் நுழையும்போது ஒருமுறை தலைவணங்கி, பாதையின் நடுவை விட்டு ஓரமாக நடப்பது வழக்கம், நடுப்பாதை தெய்வத்துக்கு. கைகழுவும் தொட்டியில் ஒரு கரண்டி நீரை மட்டும் மொண்டு அதிலேயே எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். வலக்கையில் கரண்டி பிடித்து இடக்கையைக் கழுவி, கை மாற்றி வலக்கையைக் கழுவி, மீண்டும் வலக்கையில் கரண்டியைப் பிடித்து இடது உள்ளங்கையில் நீர் ஏந்தி வாய் கொப்பளித்து, இடக்கையை மறுபடி அலம்பி, கடைசியில் கரண்டியைச் செங்குத்தாக நிமிர்த்தினால் மிச்ச நீர் வழிந்து கைப்பிடியும் சுத்தமாகும். முதலிலேயே நீரைத் தாராளமாக ஊற்றிவிடுவதால்தான் பலருக்குக் கடைசியில் போதாமல் போகிறது. கரண்டியில் வாய் வைக்கக் கூடாது. கொப்பளித்த நீரைத் தொட்டிக்குள் துப்பவும் கூடாது. கரண்டி இல்லாமல் குழாயில் நீர் ஓடினாலும் வரிசை இதேதான்.

சன்னதி முன் காணிக்கைப் பெட்டியில் நாணயத்தைப் போட்டு, மணிக்கயிறு இருந்தால் ஆட்டி, ஆழமாக இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, கைகூப்பியபடி வேண்டிக்கொண்டு, மீண்டும் ஒருமுறை குனிந்தால் முடிந்தது.

நுழைவுக்கட்டணம் இல்லை, மலைப்பாதை இரவும் பகலும் திறந்திருக்கும். கியோட்டோ நிலையத்திலிருந்து ஜேஆர் நாரா ரயில் தடத்தில் இரண்டாவது நிறுத்தம் இனாரி. இறங்கினால் எதிரிலேயே பெரிய தோரி. அதே தடத்தில் ஓடும் விரைவு ரயில் இனாரியில் நிற்காது. உள்ளூர் ரயிலில்தான் ஏற வேண்டும். புத்தாண்டின் முதல் மூன்று நாட்களில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருவார்கள், அப்போது மலையேற்றம் வீண்முயற்சி. காலை ஏழு மணிக்கு முன் போனால் நடக்க இடம் இருக்கும்.

சோறும் மண்ணும்

நரிக்குப் பிடித்தது பொரித்த டோஃபு என்பது நம்பிக்கை. அந்த டோஃபுப் பையில் புளிக்காடி கலந்த சோற்றை அடைத்தால் இனாரிசூஷி. கியோட்டோ பக்கம் அது முக்கோணமாக இருக்கும், நரியின் காதுபோல என்பார்கள். தோக்கியோ பக்கம் நெல்மூட்டை வடிவில் நீளமாக இருக்கும். கோயில் தெருவில் சுட்ட சிட்டுக்குருவியும் விற்பார்கள். கதிரைத் தின்னும் குருவியைப் பிடித்து உண்பது விளைச்சலைக் காக்கும் செயல் என்ற எண்ணத்தில் வந்த பழக்கம்.

இதைவிட ஆழமானது மண்ணைப் பற்றிய நம்பிக்கை. இனாரி மலை மண்ணைக் கொண்டுபோய் வயலில் தூவினால் விளைச்சல் பெருகும் என்று யாத்திரிகர்கள் நம்பினார்கள். அந்த மண்ணைப் பிசைந்து சிறு உருவங்களாகச் சுட்டு விற்கத் தொடங்கியதிலிருந்து ஃபுஷிமிப் பொம்மைகள் பிறந்தன. நாட்டின் பல பகுதிகளில் உள்ள மண்பொம்மை மரபுகள் இதைப் பார்த்து உருவானவை.

கோயிலுக்குச் சொந்தமாக ஒரு சிறு வயல் உண்டு. ஏப்ரல் 12 அன்று அதற்கான விதை தூவப்படும். ஜூன் 10 அன்று பாட்டோடும் நடனத்தோடும் நடவு நடக்கும். அக்டோபர் 25 அறுவடை. நவம்பர் 8 அன்று அந்த அறுவடையின் வைக்கோலையும், நாடெங்கிலுமிருந்து வந்த வேண்டுதல் குச்சிகளையும் தீயிலிட்டு, வசந்தத்தில் இறங்கிவந்த தெய்வத்தை மலைக்கு வழியனுப்புவார்கள். கொல்லர்கள் துருத்திக்குப் பூசை போடுவதும் அதே நாளில்தான். நவம்பர் 23 புதுநெல் விழாவில் அந்த வயலின் அரிசி படைக்கப்படும். ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் ஜூன் 10 அல்லது நவம்பர் 8ஐத் தேர்ந்தெடுப்பது நல்லது. சடங்கு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் இடம்பிடித்துக்கொள்ள வேண்டும்.